மூன்றில் ஒன்று குளிர

குளிரவைப்பது என்றால் நமக்கு ஐஸ்தான் நினைவுக்கு வரும். கணக்குப் போட்டே குளிரவைக்கலாம் என்று 1999-இல் லியோனார்ட் ஷுல்மனும் உமேஷ் வஸிரானியும் காட்டினார்கள். அதைப் படித்த வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

வலுவான என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) காந்தத்துக்குள், அறை வெப்பத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்களைப் பாருங்கள். லட்சம் கருக்களில், காந்தத்தின் திசையில் நிற்பவை எதிர்த்திசையில் நிற்பவற்றைவிட நாலைந்துதான் அதிகம். இந்தச் சின்னஞ்சிறு சாய்வுதான் கையிருப்பு. சாய்வு கூடினால் குளிர்ச்சி, குறைந்தால் சூடு.

மூன்று ஸ்பின்களை, அதாவது இப்படித் திசை பார்த்து நிற்கும் மூன்று கருக்களை, எடுத்துக்கொள்வோம். காந்தத்தின் திசையை 0 என்றும் எதிர்த்திசையை 1 என்றும் எழுதினால், அவற்றுக்கு எட்டு நிலைகள். அதில் 011, 100 என்ற இரண்டை மட்டும் இடம் மாற்றுகிறோம். மற்ற ஆறைத் தொடுவதே இல்லை. இப்போது முதல் ஸ்பின், பழைய மூன்றில் பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நிற்கிறது. அதன் சாய்வு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுகிறது. எவ்வளவு சிக்கனமான கைவேலை!

சூடு எங்கும் தொலைந்துவிடவில்லை. மற்ற இரண்டின் தலையில் ஏறியிருக்கிறது. அவற்றின் சாய்வு பாதியாகக் குறைந்திருக்கும். அந்தச் சூட்டைச் சுற்றுப்புறத்தில் இறக்கிவிட்டு மறுபடி தொடங்குவது பிறகு வந்த உத்தி. ட்ரைகுளோரோஎத்திலீன் மூலக்கூறில் அதைச் செய்திருக்கிறார்கள். அதிலுள்ள ஹைட்ரஜன் கரு சீக்கிரமே சமநிலைக்குத் திரும்பிவிடும். பக்கத்திலிருக்கும் கார்பன்-13 கருக்களுக்கு அந்த அவசரம் இல்லை. கார்பனின் சூட்டை ஹைட்ரஜன் வாங்குகிறது, வெளியே விடுகிறது, திரும்ப வந்து மறுபடி வாங்குகிறது. இதற்குள் கார்பன் தன் குளிர்ச்சியைப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருக்கிறது.