கோடை என்னும் காற்று: வெகுசனப் பாடல்களின் வேனிலும் பழவேற்காட்டு நெய்தலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் வெகுசனப் பாடல்கள் கோடைக்காலத்தை வெயிலாகவும் விடுமுறையாகவும் நினைவாகவும் உருவாக்கியுள்ளன. இவ்வுருவாக்கம் பெரும்பாலும் வறண்ட உள்நாட்டு நிலத்தைச் சார்ந்தது. கடற்புறத்தைப் பாடும் திரைப்பாடல்களிலோ பருவம் தெளிவாக இடம்பெறுவதில்லை. தமிழ்த் திணை மரபையும் பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் வாழ்வின் கோடையையும் அளவுகோலாகக் கொண்டு இவ்விடைவெளியை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கோடை, வேனில், நெய்தல், பாலை, திரைப்பாடல், பழவேற்காடு, பாடு முறை.

முன்னுரை

‘கோடை’ என்னும் சொல் இன்று ஒரு பருவத்தைக் குறிக்கிறது. பழந்தமிழில் அது ஒரு காற்றின் பெயருமாகும். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, மேற்கிலிருந்து வருவது கோடை எனத் தமிழர் திசை நோக்கிக் காற்றுக்குப் பெயரிட்டனர். காலப்போக்கில் இச்சொல்லின் பொதுவழக்கில் காற்று மங்கி, வெப்பம் மட்டும் எஞ்சியது. வெகுசனப் பாடல்கள் இந்த எஞ்சிய பொருளையே பெற்றுக்கொண்டன. கடலையும் கழியையும் நம்பி வாழ்வோருக்கோ பருவம் என்பது இன்றும் முதன்மையாகக் காற்றும் நீரும்தான். பாடலின் கோடைக்கும் வாழ்வின் கோடைக்கும் இடையிலான வேறுபாடு இங்குத் தொடங்குகிறது.

வெயிலின் பாடல்

கோடையின் உணர்வைப் பாடிய தமிழ்த் திரைப்பாடல்களுள் முதலில் நினைவுக்கு வருவது, வசந்தபாலன் இயக்கிய ‘வெயில்’ (2006) படத்தில் நா. முத்துக்குமார் எழுதி, ஜி.வி. பிரகாஷ்குமார் இசையமைத்த சிறுவர் விளையாட்டுப் பாடலாகும். இப்பாடலில் வெயில் பின்னணியாக நின்றுவிடுவதில்லை; சிறுவரோடு உறவாடும் தோழனாக வருகிறது. வேப்பங்கொட்டை, தீக்குச்சி முதலிய எளிய பொருள்கள் விளையாட்டுக் கருவிகளாகின்றன. பாடலின் வினைமுற்றுகள் இறந்தகாலத் தன்மைப் பன்மையில் அமைந்துள்ளமை குறிப்பிடத்தக்கது. பாடுவது ஒருவரின் குரலன்று, ஒரு கூட்டத்தின் குரல்; சொல்லப்படுவது நடக்கும் கோடையன்று, கடந்துபோன கோடை. இழந்துவிட்டோம் என்னும் உணர்வே இக்களிப்புக்கு அடியில் ஓடுகிறது.

படத்தின் கதைப்போக்கு இவ்வுணர்வுக்கு மேலும் பொருள் சேர்க்கிறது. சிறுவனுக்குத் தோழனாக இருந்த அதே வெயில், தந்தை அளிக்கும் தண்டனையின் கருவியாக மாறுகிறது. அவன் வீட்டைவிட்டு ஓடுகிறான். வறண்ட நிலம், வேனில், பிரிவு ஆகிய மூன்றும் ஒருங்கு கூடும் இவ்வமைப்பு பாலைத்திணையின் அமைப்பேயாகும். தொல்காப்பியம் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் பொழுதாக வகுக்கிறது. படைப்பாளர்கள் அதைக் கருதிச் செய்தனரா என்பது இங்கு முதன்மையன்று. தமிழ்க் கற்பனையில் வேனில் எந்த நிலத்தோடு பிணைந்துள்ளது என்பதை இருபத்தோராம் நூற்றாண்டின் வெகுசனப் பாடல் ஒன்றும் காட்டுகிறது என்பதே கருதத்தக்கது.

மணிரத்னத்தின் ‘அக்னி நட்சத்திரம்’ (1988) கோடையின் உச்ச நாள்களையே தலைப்பாகக் கொண்டது. அங்கும் அப்பெயர் பருவத்தைக் காட்டவில்லை. ஒரே தந்தைக்குப் பிறந்த இருவரின் பகையைக் குறிக்கும் உருவகமாகிறது. இவ்வாறு வெயில் ஒருபுறம் நினைவாகவும் மறுபுறம் சினமாகவும் மாறுகிறது. இரண்டிலும் அது மனித உள்ளத்தின் வெப்பமே, தொழிலின் பருவமன்று.

பருவமற்ற கடல்

கடற்புறப் பாடல்களை நோக்கினால் நிலைமை தலைகீழாகிறது. ‘படகோட்டி’ (1964) படத்திற்காக வாலி எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த பாடல்கள் மீனவரின் உழைப்பையும் உயிரச்சத்தையும் தமிழ்நாடெங்கும் கொண்டு சேர்த்தன. ‘மரியான்’ (2013) கடலுக்கும் காதலிக்கும் இடையிலான ஏக்கத்தைப் பாடியது. அதே ஆண்டில் வெளிவந்த ‘கடல்’ படத்தில் மதன் கார்க்கி எழுதிய ஒரு பாடல் தென்கடற்கரையின் பேச்சையும் மீன் பெயரையும் துள்ளலான இசைக்குள் கொண்டுவந்தது. ஏ.ஆர். ரகுமானின் இசை இவ்விரு படங்களுக்கும் பொது.

இப்பாடல்களில் கடல் உண்டு, படகு உண்டு, இரங்கல் உண்டு. இவை நடப்பது தை மாதமா வைகாசி மாதமா என்பதோ பெரும்பாலும் புலப்படுவதில்லை. மீனவரின் இடர் எந்நாளும் ஒரே தன்மையுடையதாகக் காட்டப்படுகிறது. வலையும் படகும் இழுக்கும் உழைப்புக்கு ஒத்திசைவு தந்த அம்பாப் பாடலின் ‘ஏலேலோ’ போன்ற ஒலிக்குறிப்புகளும் திரையில் தொழிலிலிருந்து கழன்று, இது கடற்கரை என்பதற்கான அடையாளமாக மட்டும் நிற்பதுண்டு. கோடையைப் பாடும் பாடலில் கடல்தொழில் இல்லை; கடல்தொழிலைப் பாடும் பாடலில் கோடை இல்லை.

இதற்குத் திணை இலக்கணமே முன்னோடி என்று கருத இடமுண்டு. தொல்காப்பியம் நெய்தலுக்கு எற்பாடு என்னும் சிறுபொழுதைத் தருகிறது. பெரும்பொழுதை வரையறுத்துக் கூறவில்லை. ஆயினும் உரைமரபு இதனை இன்மையாகக் கொள்ளவில்லை. வரையறுத்துக் கூறாமையால் ஆறு பருவங்களும் நெய்தலுக்கு உரியன என்றே கொண்டது. இலக்கணத்தின் மௌனம் எல்லாப் பருவங்களுக்கும் இடம் தரும் மௌனம். திரைப்பாடலின் மௌனம் எந்தப் பருவத்தையும் காணாத மௌனம். இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுதல் பிழை.

குறுந்தொகை 248ஆம் பாடல் இதற்குச் சான்று. உலோச்சனார் பாடிய இந்நெய்தற் பாட்டில், கோடைக்காற்று கொணர்ந்து குவித்த மணல்மேடு பனையின் அடியை மூடிவிட, நெடிய பனைகள் குறியனவாகத் தோன்றுகின்றன. இங்குக் கோடை வெயிலாக வரவில்லை. மணலை இடம்பெயர்த்து நிலத்தின் அளவையே மாற்றும் ஆற்றலாக வருகிறது. கரையில் வாழ்வோர் கோடையை அறியும் முறையும் இதுவே.

ஏரிக்கரையின் கோடை

பழவேற்காடு, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி, காளங்கி முதலிய ஆறுகளின் நன்னீர் ஏரியை நிறைக்கிறது. கோடையில் அவ்வரத்து நின்றுவிடுகிறது. நீர் ஆவியாகி மட்டம் தாழ்கிறது, உவர்ப்பு ஏறுகிறது. கரையோர நீரோட்டமும் அலையும் கொண்டுவரும் மணல், எதிர்த்துத் தள்ள ஆற்றுநீர் இல்லாத நிலையில், முகத்துவாரத்தைக் குறுக்குகிறது. சில காலங்களில் அடைத்தும் விடுகிறது. இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கின்றன. எனவே வாய் அடைபட்டால் ஏரியின் வருங்கால விளைச்சலும் அடைபடுகிறது. உலோச்சனார் பாட்டில் மணலைக் குவிப்பது காற்று, இங்கு நீர். எனினும் மணல் இடம்பெயர்வதே கோடையின் செய்தி என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

காற்றும் இங்கு வேறு பொருள் பெறுகிறது. கிழக்குக் கரையில் மேல்காற்று என்பது நிலத்தின் வெப்பத்தைச் சுமந்துவரும் காற்று. அது வலுத்துள்ள நாள்களில் நண்பகலில் வரவேண்டிய கடற்காற்று தாமதமாகிறது. நகரவாசிக்கு அது புழுக்கம்; படகோட்டிக்கு அது போக்கையும் வரவையும் முடிவுசெய்யும் கணக்கு.

தொழில் சார்ந்த காலக்கணக்கும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் 61 நாள்கள். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை. பள்ளி விடுமுறையும் கத்திரி வெயிலும் இந்நாள்களுக்குள்ளேயே பெரும்பாலும் அடங்குகின்றன. பாடல் விளையாட்டாக நினைவுகூரும் அதே வாரங்கள் கடற்கரையில் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட காத்திருப்பு வாரங்களாகின்றன. பாரம்பரியக் கலங்களுக்கு இத்தடை இல்லை, ஏரித்தொழிலும் தொடர்கிறது. ஆனால் தொடரும் இடம் தாழ்ந்துவரும் நீர்.

அந்நீரைப் பகிர்ந்துகொள்ள ஏரியில் வழிவழியாக வந்தது பாடு முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவ மீனவர், கழி நட்டு வலை கட்டும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்து வந்துள்ளனர். இம்முறையில் ஒழுங்கும் உண்டு, விலக்கும் உண்டு. உரிமை ஊருக்கும் குலத்துக்கும் கட்டுப்பட்டது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் போன்றோர் அதற்கு வெளியே நின்று அதே நீரை நம்புகின்றனர். ‘பாடு’ என்னும் சொல் முறை, உழைப்பு, துன்பம் ஆகிய மூன்றையும் தாங்குகிறது. இம்மூன்றும் ஒன்றோடொன்று இறுகும் காலம் கோடை.

மறுப்பும் விடையும்

பாடல் என்பது ஆவணம் அன்று. மீனவர் வாழ்வின் விவரங்களை அது தரவேண்டும் என எதிர்பார்ப்பது பொருந்தாது என்று ஒருவர் மறுக்கலாம். குப்பத்துச் சிறுவர்க்கும் விடுமுறை உண்டு. ‘வெயில்’ படப் பாடல் அவர்களுக்கும் உரியதே. இம்மறுப்பில் உண்மை உள்ளது. எனினும் இங்கு எழும் வினா விவரம் பற்றியதன்று. யாருடைய காலம் பொதுக்காலமாக ஏற்கப்படுகிறது என்பது பற்றியது. கரிசல் நிலத்துக் கோடை ஒரு பாடலின் வழியே தமிழர் அனைவரின் கோடையாக மாற முடிந்தது. அதன் வலிமை பொதுமையிலிருந்து வரவில்லை. ஒரு வட்டாரத்தின் மண்ணையும் சிறுபொருள்களையும் துல்லியமாகச் சொன்னதிலிருந்து வந்தது. அவ்வாறாயின் கழியின் கோடையும் துல்லியமாகச் சொல்லப்படும்போது பொதுக்கோடையாக இயலும். அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் கூட்டில் 2021இல் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’, திரைக்கதையின் துணையின்றியே உழைப்பாளர் வரலாற்றை வெகுசன இசை சுமக்க முடியும் என்று காட்டியுள்ளது.

முடிவுரை

தமிழ் வெகுசனப் பாடலில் கோடைக்குப் பாலையின் முகமே வாய்த்துள்ளது. நெய்தல் அங்குக் காலம் கடந்த இரங்கலாகவே நிற்கிறது. பருவமற்றதாகக் காட்டப்படும் துயரம் இயற்கையான விதிபோலத் தோன்றும். பருவத்தோடு சொல்லப்படும் துயரத்திற்கோ காரணங்கள் புலப்படும்: நின்றுபோன ஆறு, அடைந்த முகத்துவாரம், கைக்கு வராத முறை. நெய்தலின் கோடையைத் தமிழ்ப் பாடல் இனித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. உலோச்சனார் அதைக் காற்றாகவும் மணலாகவும் முன்னரே கண்டிருக்கிறார். இழந்தது சொல்லையன்று; அச்சொல்லுக்குள் வீசிய காற்றை.