அவையறிந்து காட்டுதல்: மெய்நிகர் அருங்காட்சியகங்களை எவ்வாறு மதிப்பிடுவது?

காட்சிக்கு வைக்கப்பட்ட பொருள் தானே பேசுவதில்லை. வைத்தவரே அதன் வழியாகப் பேசுகிறார். காஞ்சிபுரம் இதை 8ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தது. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவர்களில் பல்லவர் வரலாறு சிற்ப வரிசைகளாகச் செதுக்கப்பட்டுள்ளது. சில சிற்பங்களின் கீழ் விளக்கக் கல்வெட்டுகளும் உண்டு. நேர்மரபில் வாரிசற்றுப்போன அரியணைக்குக் கிளைமரபிலிருந்து அழைத்துவரப்பட்டவன் இரண்டாம் நந்திவர்மன். முன்னோர் வரிசையில் தொடங்கும் அச்சிற்பங்கள் அவனுடைய முடிசூட்டு விழாவுக்கு வந்து சேர்கின்றன. அந்த வரிசையமைப்பே ஒரு வாதம். அவன் உரிமையைக் காண்போர் மனத்தில் நிறுவும் வாதம்.

கல்லுக்குப் பொருந்துவது கணினித்திரைக்கும் பொருந்தும். இணையத்தில் உருவாகிவரும் மெய்நிகர் அருங்காட்சியகங்களைப் படங்களின் தெளிவையும் வருகையாளர் தொகையையும் கொண்டே பலரும் அளக்கின்றனர். இவ்வளவைகள் போதா என்பது நம் கருத்து. அவை எவ்வாறு பேசுகின்றன, கேட்டவர் என்ன மறுமொழி தருகிறார் என்னும் இரண்டையும் ஆராய வேண்டும்.

முதல் கேள்விக்கு நம் மரபிலேயே கருவிகள் உள்ளன. பலாகா எனும் அரபுச் சொற்கலை, பேச்சு சூழலின் தேவைக்கு இயைந்திருப்பதையே நாவன்மையின் இலக்கணமாகக் கொள்கிறது. ஹிஜ்ரி 471இல் (கி.பி. 1078) மறைந்த அப்துல் காஹிர் ஜுர்ஜானி, சிறப்பு தனிச்சொல்லில் இல்லை, சொற்கள் ஒன்றோடொன்று இயையும் அமைப்பில்தான் உள்ளது என நிறுவினார். அவர் அதனை ‘நழ்ம்’ என்றார். திருக்குறள் ‘அவையறிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. இவற்றோடு முஹத்திஸ்கள் வளர்த்த இஸ்னாத் முறையையும் சேர்த்துக்கொண்டால் மூன்று அளவுகோல்கள் கிடைக்கின்றன: யார் சொல்கிறார், எவ்வரிசையில் சொல்கிறார், யாரை நோக்கிச் சொல்கிறார்.

‘எல்லைகளற்ற அருங்காட்சியகம்’ என்னும் அமைப்பு 2005இல் தொடங்கிய இஸ்லாமியக் கலைத் தளத்தை இவ்வாறு சோதிக்கலாம். மத்தியதரைக்கடல் சூழ்ந்த நாடுகளின் கலைச்செல்வங்களை அது காட்டுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் விளக்கம் எழுதியவரின் பெயரைத் தருகிறது. காலமும் தோற்றமும் எவ்வாறு கணிக்கப்பட்டன என்பதையும் தனியே கூறுகிறது. இது இஸ்னாதின் ஒழுக்கம். வாசகர் ஏற்கவும் மறுக்கவும் இடமளிக்கிறது. இந்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் ‘இந்திய அருங்காட்சியகங்கள்’ தளம், புனே சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘ஜதன்’ மென்பொருளால் இயங்குவது. கொல்கத்தா இந்திய அருங்காட்சியகம், ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகம் முதலியவற்றின் செல்வங்களை அது ஒருங்கே திறந்து வைத்தது பெருந்தொண்டு. ஆயினும் பெயர், மூலப்பொருள், அளவு, குறுவிளக்கம் எனச் செல்லும் அதன் பதிவுகள் பெரும்பாலும் கிடங்குப் பதிவேட்டின் மொழியிலேயே நின்றுவிடுகின்றன. சொற்கள் உள்ளன, நழ்ம் இல்லை.

இக்குறை என்ன இழப்பைத் தரும் என்பதைக் காஞ்சிப் பட்டைக் கொண்டு உணரலாம். 2005–06இல் புவிசார் குறியீடு பெற்ற அச்சேலையின் உயிர் கோர்வையில் உள்ளது. உடலையும் கரையையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்து, தறியிலேயே ஒன்றாகப் பிணைக்கும் முறை அது. ஒரு தறியில் இருவர் கைகள் அதற்குத் தேவைப்படும். படம் நிறத்தைக் காட்டும். இணைப்பின் உறுதியையும் உழைத்த இரண்டாமவரையும் காட்டாது. ‘பட்டு, ஜரிகை’ என்று மூலப்பொருளை எழுதிவிட்டால், கருநாடகத்துப் பட்டிழையும் சூரத்து ஜரிகையும் காஞ்சித் தறிக்கு வந்து சேரும் வழி மறைந்துபோகும். ஜரிகை என்ற சொல்லே பொன்னைக் குறிக்கும் ‘ஸர்’ என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. அவ்வொரு சொல்லை விளக்கினாலே, கோயில் நகரத்தின் பட்டில் பல சமூகங்களின் பங்கு இழையோடுவது புலப்படும்.

இரண்டாவது கேள்வி அவையின் மறுமொழி. தமிழில் அரங்கேற்றம் என்ற நெறி இதற்காகவே இருந்தது. கந்தபுராணம் காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேறியபோது, முதற்செய்யுளின் புணர்ச்சியையே அவையோர் தடுத்துக் கேட்டனர் என்றும், இலக்கணச் சான்று காட்டப்பட்ட பின்னரே நூல் ஏற்கப்பட்டது என்றும் மரபு கூறும். தடை எழுப்பும் உரிமை அவைக்கு இருந்தது. விடை கூறும் கடமை ஆசிரியருக்கு இருந்தது. இன்றைய தளங்கள் வருகையை எண்ணுகின்றன. ஆனால் வந்தவர் எதைப் புரிந்துகொண்டார், எதை நம்ப மறுத்தார் என்பது எண்ணிக்கையில் தெரியாது. பார்த்தவரைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்வதும், அம்மொழியைக் காட்சியின் நோக்கத்தோடு ஒப்பிடுவதும், வேறுபட்ட இடத்தில் விளக்கத்தைத் திருத்துவதுமே முறையான மதிப்பீடு. அவ்வவையில் முதலிடம் நெசவாளருக்கு உரியது. தம் தறியைப் பற்றிய விளக்கத்தைத் தாமே படித்து ‘இது அவ்வாறன்று’ எனக் கூற அவருக்கு வழியில்லாத தளம், எத்துணை அழகாயினும், அரங்கேறாத நூலே.

இது பிறர் செல்வத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. நம் பள்ளிவாசல்களின் கல்வெட்டுகளும் அரபுத்தமிழ் ஏடுகளும் திரைக்கு வரும் காலம் இது. அவற்றுக்கு விளக்கம் எழுதுபவர் யார், அதைக் கேட்டுத் திருத்தும் அவை எது என்பதை இப்போதே வினவ வேண்டும். படமெடுத்தவுடன் பணி முடிந்ததென இருந்துவிட்டால், நம் வரலாற்றைப் பிறர் சொற்களில் வாசிக்கும் நிலைக்கு ஆளாவோம்.