ஜிபி கணக்கும் வீட்டுக் கணக்கும்

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு ஒரு ஜிபி டேட்டாவின் விலை மளமளவென்று சரிந்தது. கிராமத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்க இனி என்ன தடை என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள். ஜிபி மலிவுதான். ஆனால் கடைக்குப் போய் யாரும் ஒரு ஜிபி கேட்பதில்லை, 28 நாள் ரீசார்ஜ்தான் போடுகிறார்கள். 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபோது, தினம் ஒன்றரை ஜிபி தரும் ஜியோவின் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ரூபாய் ஆனது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்திருந்த ஒருநாள் கூலி 319 ரூபாய். 28 நாளில் முடிந்துவிடுவதால் வருஷத்துக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை இந்தச் செலவு வருகிறது.

விலையைவிடப் பெரிய குறையாக எனக்குப் படுவது அந்த ரீசார்ஜ் திட்டத்தின் அமைப்பு. கூலிக்குப் போகும் பல வீடுகளில் ஸ்மார்ட்ஃபோன் ஒன்றுதான். காலையில் அது அப்பாவின் சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடும். மேஸ்திரி எப்போது கூப்பிடுவார் என்று தெரியாதபோது அதை வீட்டில் விட்டுப் போக முடியாது. பொழுது சாய்ந்து வரும்போது சார்ஜ் தீரும் நிலையில் இருக்கும். சார்ஜரில் செருகியபடியே பிளஸ் டூ படிக்கும் அண்ணன் எடுத்துக்கொள்வான். பத்தாவது படிக்கும் தங்கை நோட்டை விரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஊரே நெட்டில் இருக்கும் நேரம் என்பதால் வீடியோ பாதியில் நின்று சுற்றும். பகல் முழுக்கத் தொடாத டேட்டா நள்ளிரவோடு காலாவதி. நாள் முழுக்க ஃபோனைக் கையில் வைத்திருக்கும் தனி ஆளுக்கு வகுத்த திட்டம் இது. ஒரே ஃபோனைப் பங்கிட்டுக்கொள்ளும் குடும்பம் தான் பயன்படுத்தாததற்கும் சேர்த்துக் காசு கட்டுகிறது.

கொரோனா காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி இலவச டேட்டா கார்டு என்று தமிழக அரசு அறிவித்தது. அதன் பெரிய நன்மை, உதவி குடும்பத்துக்கு என்று போகாமல் மாணவரின் பெயருக்கே வந்ததுதான். வீட்டில் கடைசியாக ஃபோன் கைக்கு வரும் பெண்பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல. ஆனால் பள்ளி மாணவர்கள் அதில் இல்லை. ஏப்ரலோடு திட்டம் முடிந்தது, கொரோனா இரண்டாம் அலையில் ஆன்லைன் வகுப்புகளோ அதன் பிறகும் தொடர்ந்தன. சிக்னலே எட்டாத மலையூர்களில் எத்தனை ஜிபி கொடுத்தும் பயனில்லை. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி டேட்டா கேட்கவில்லை. சந்தேகம் கேட்க மட்டும் அதில் வழியில்லை.

கேரளம் வேறு வழியில் போனது. 2023 ஜூனில் தொடங்கிய அந்த மாநில அரசின் ஃபைபர் இணையத் திட்டமான கே-ஃபோன், மாதம் 299 ரூபாய்க்கு (வரி தனி) 20 எம்பிபிஎஸ் வேகத்தில் 3,000 ஜிபி என்று விலை வைத்தது. அதே 299 ரூபாய்க்கு 2024-இல் மொபைலில் கிடைத்தது 28 நாளைக்கு 42 ஜிபி. கம்பி வழி இணைப்பு அப்பாவோடு வேலைக்குப் போகாது, வீட்டிலேயே இருக்கும். ஆனால் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்ற வாக்குறுதி, முதற்கட்டத்தில் 14,000 வீடுகள் என்ற அளவிலேயே தொடங்கியது. இணைப்பு வந்தாலும் அதில் படிக்க ஒரு கருவி வேண்டுமே என்ற கேள்வியும் தீரவில்லை.

தமிழ்நாட்டில், மத்திய அரசின் கிராம இணையத் திட்டமான பாரத்நெட்டின் இரண்டாம் கட்டம் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் திட்டம். அந்த ஃபைபர் ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிட்டால் மாணவருக்கு லாபமில்லை. ஊர் முழுக்க வீடு வீடாக இழுக்கப் பல வருஷம் ஆகும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழும்பியது. பல ஊர்களில் அது பூட்டிக் கிடக்கிறது. அங்கே வைஃபையும் நான்கைந்து கணினியும் வைத்தால் ஃபோன் இல்லாத பிள்ளையும் படிக்கலாம். பெண்பிள்ளைகளை அனுப்ப வீட்டார் யோசிப்பார்கள் என்பது நியாயமான மறுப்புதான். அதனால் மாலை ஐந்து முதல் எட்டு வரை பொறுப்பான ஒருவர், முடிந்தால் உள்ளூர்ப் பெண் ஒருவர், அங்கே இருக்க வேண்டும். கட்டடமும் கணினியும் ஒருமுறைச் செலவு. அவருக்கான மாதச் சம்பளமும் கரண்ட் பில்லும் ஊராட்சிக்குத் தவறாமல் வர, அரசு பட்ஜெட்டில் தனி ஒதுக்கீடு வேண்டும்.