குறி தப்பவில்லை

இரண்டு அமெரிக்க ட்ரோன் தாக்குதல்கள். இரண்டும் காபூலில் நடந்தவை; இடையில் 11 மாதம்.

2021 ஆகஸ்ட் 29 அன்று ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலாவை அமெரிக்க ட்ரோன்கள் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தன. ஓட்டியவர் ஒரு அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர். அவர் வண்டியில் ஏற்றிய தண்ணீர் கேன்கள் மேலிருந்து பார்த்தவர்களுக்கு வெடிமருந்தாகத் தெரிந்தன. கார் வீட்டு முற்றத்துக்குள் வந்ததும் ஏவுகணை விழுந்தது. இறந்த 10 பேரில் 7 பேர் குழந்தைகள்.

2022 ஜூலை 31 அன்று அல்-காய்தா தலைவர் அய்மன் அல்-ஜவாஹிரி தன் வீட்டு பால்கனியில் நின்றபோது கொல்லப்பட்டார். உள்ளே இருந்த அவர் குடும்பத்துக்கு எதுவும் ஆகவில்லை என்றது அமெரிக்கா.

இரண்டிலும் ஏவுகணை குறிவைத்த இடத்தில்தான் விழுந்தது. ‘துல்லியம்’ என்று ட்ரோனை ஆதரிப்பவர்கள் சொல்வது பொய்யில்லை. மணிக்கணக்கில் வட்டமிட்டுக் காத்திருக்கவும், கடைசி நொடியில் கைவிடவும் இதனால் முடியும். தரைப்படை இறங்கினால் என்ன ஆகும் என்பதையும் மறக்கக் கூடாது: 2014-ல் பாகிஸ்தான் ராணுவம் வடக்கு வசீரிஸ்தானில் நுழைந்தபோது லட்சக்கணக்கான மக்கள் வீடுவாசலை விட்டு ஓடினார்கள்.

ஆனால் குறி சரியாக விழுவது வேறு, குறியில் இருப்பவர் யார் என்று தெரிவது வேறு. ஜவாஹிரியின் வீட்டை மாதக்கணக்கில் கவனித்தார்கள். அதற்கு ஒரு மாதிரி வடிவம் செய்து அதிபரின் மேசை வரை கொண்டுபோனார்கள். கொரோலாவுக்குக் கிடைத்தது ஒரு பகல். மூன்று நாள் முன்பு விமான நிலையக் குண்டுவெடிப்பில் 13 அமெரிக்க வீரர்கள் இறந்திருந்தார்கள். அடுத்த குண்டு எந்த நேரமும் வரலாம் என்ற பதற்றம். அந்தப் பதற்றத்தில் கண்ணில் பட்டதெல்லாம் சந்தேகத்துக்குச் சாட்சியானது. கேமரா எவ்வளவு கூர்மையானாலும் கேனுக்குள் இருப்பது தண்ணீர் என்று அது சொல்லாது.

தவறை 19 நாள் கழித்து பென்டகன் ஒப்புக்கொண்டது. பத்திரிகையாளர்கள் அந்த முற்றத்துக்கே போய் விசாரித்ததும், கேமராப் பதிவுகளைத் தேடி எடுத்ததும் இல்லாவிட்டால் ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. யாருக்கும் தண்டனை இல்லை என்று அதே ஆண்டு டிசம்பரில் முடிவானது.

நிருபர்கள் எளிதில் போக முடியாத வசீரிஸ்தான் போன்ற இடங்களில் எண்ணிக்கையே தகராறு. 2009 முதல் 2015 வரை, போர்க்களங்களுக்கு வெளியே 473 தாக்குதல்களில் இறந்த பொதுமக்கள் 64 முதல் 116 பேர் என்றது ஒபாமா அரசு. லண்டனின் புலனாய்வு இதழியல் அமைப்பின் கணக்கு அதைப்போலப் பல மடங்கு. இந்தக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று ஒபாமா போட்ட உத்தரவை 2019-ல் டிரம்ப் ரத்து செய்தார். இந்த முறையின் ஆகப்பெரிய குறை இதுதான் என்பேன். செத்தவர் யார் என்று கொன்றவரே எழுதிக்கொள்கிறார். அந்தக் குறிப்பைச் சரிபார்க்க எவருமில்லை.

2012 அக்டோபரில் வடக்கு வசீரிஸ்தானில் ஒரு பாட்டி வயலில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தபோது ட்ரோன் தாக்கிக் கொல்லப்பட்டார். பேரப்பிள்ளைகள் காயத்தோடு தப்பினார்கள். மறுவருடம் 13 வயதுப் பேரன் வாஷிங்டன் போய், நீல வானத்தைக் கண்டால் இப்போது தனக்குப் பிடிப்பதில்லை, மேகம் மூடினால்தான் ட்ரோன் பறக்காது என்றான். அதைக் கேட்க வந்திருந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஐந்து பேர்.