‘ஒப்படைப்பு’ என்னும் சொல்லும் பறிப்பு என்னும் செயலும்: லாகூர் உடன்படிக்கையின் ஆங்கில மொழிநடை

முன்னுரை

ஒருவரிடமிருந்து ஒரு பொருளை வலிந்து கொள்வதைக் குறிக்க ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்வது நடைநயம் சார்ந்த செயல் மட்டுமன்று. கொண்டவர் யார், இழந்தவர் யார், இழந்தவரின் இசைவு இருந்ததா என்பனவற்றையும் அத்தெரிவே உணர்த்துகிறது. இரண்டாம் ஆங்கிலேய-சீக்கியப் போரின் முடிவில், 1849 மார்ச் 29 அன்று கையொப்பமான லாகூர் உடன்படிக்கை இதற்குத் தக்க சான்றாகும்.

மூன்று வினைகள்

உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு, லாகூர் அரசின் உடைமைகள் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பறிமுதல் செய்யப்படும் என்கிறது. அங்கு ‘கான்ஃபிஸ்கேட்’ என்னும் வினை ஆளப்படுகிறது. கடனும் போர்ச்செலவும் காரணங்களாகக் காட்டப்படுவதால் பறிப்பு சட்டத்தின் சாயலைப் பெறுகிறது. மூன்றாம் பிரிவு கோஹினூர் வைரம் பற்றியது. ரஞ்சித் சிங் அதனை ஷா ஷுஜாவிடமிருந்து பெற்றதைக் கூறுமிடத்தில் ‘டேக்’ என்னும் வினை வருகிறது. அதே தொடரில், லாகூர் மகாராஜா அதனை இங்கிலாந்து அரசிக்கு அளிக்க வேண்டும் என்னுமிடத்தில் வினை ‘சரண்டர்’ ஆகிறது.

இவ்விரு நிகழ்வுகளும் தன்மையில் பெரிதும் வேறுபட்டவை அல்ல. 1813இல் லாகூரில் ரஞ்சித் சிங்கின் பிடிக்குள் இருந்த ஷா ஷுஜா நெருக்கடிக்கு உட்பட்டே வைரத்தைக் கொடுத்தார். 1849இல் கையொப்பமிட்ட துலீப் சிங்குக்கு வயது பத்து. தாய் ஜிந்த் கவுர் அவரிடமிருந்து முன்பே பிரிக்கப்பட்டிருந்தார். எனினும் முதல் நிகழ்வில் கொண்டவர் வினைமுதலாகிறார். இரண்டாவதில் இழந்தவரே வினைமுதலாகிறார். அரசி பெறுநராக மட்டுமே நிற்கிறார். கம்பெனியின் படை அத்தொடரில் இடம்பெறவே இல்லை.

இச்சொல்லாட்சியைத் தற்செயலானதாகக் கொள்ள இயலாது. கூட்டுப்பங்கு நிறுவனம் ஒன்று பரிசாக அளிப்பதைவிட, தோற்ற இளவரசரின் கையிலிருந்து வென்ற அரசியின் கைக்கு வைரம் நேரே செல்வதே அவருக்குப் பெருமை என டல்ஹௌசி கருதினார். ஆகவே ‘சரண்டர்’ என்னும் சொல் அவருக்கு வெற்றியின் அடையாளமாகவே பட்டது. போர்த்தோல்வியின் வலி அச்சொல்லில் உண்டு. காலப்போக்கில் அவ்வலி மறைந்து, ‘கொடுத்தார்’ என்னும் பொருள் மட்டும் எஞ்சியது. 2016இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில், வைரம் திருடப்படவுமில்லை, வலிந்து எடுக்கப்படவுமில்லை என அரசுத் தரப்பில் கூறப்பட்டமை இதனைக் காட்டும். அது இறுதி நிலைப்பாடு அன்று என அரசு பின்னர் விளக்கமளித்தது.

தமிழாக்கச் சிக்கல்

ஆங்கிலத்தில் ‘சரண்டர்’ ஆளுக்கும் பொருளுக்கும் பொதுவான வினை. தமிழில் ‘சரணடைதல்’ ஆளுக்கு மட்டுமே உரியது. எனவே பொருளைக் குறிக்க ‘ஒப்படைத்தல்’ என மொழிபெயர்க்க நேர்கிறது. கடன் பெற்றதைத் திருப்பித் தருவதற்கும் அலுவலகத்தில் கோப்பைக் கொடுப்பதற்கும் வழங்கும் இச்சொல்லில் வன்முறையின் சுவடே இல்லை. மூலத்தில் எஞ்சியிருந்த போரின் நினைவும் தமிழில் அற்றுப்போகிறது.

இவ்விடத்தில் ‘பறிகொடுத்தல்’ என்னும் கூட்டுவினை கருதத்தக்கது. கொடுத்தவரை எழுவாயாக நிறுத்தியபடியே, அவர் விரும்பிக் கொடுக்கவில்லை என்பதையும் அது உணர்த்துகிறது. ஆயினும் உடன்படிக்கையைத் தமிழாக்குவோர் இதனை ஆள்வது பொருந்தாது. ஆவணம் மறைத்ததை மொழிபெயர்ப்பு வெளிப்படுத்தினால், மறைத்த செயலுக்கான சான்றே அழிந்துவிடும். ஆவண மொழிபெயர்ப்பில் ‘ஒப்படைக்க வேண்டும்’ என்பதும், வரலாற்றாசிரியரின் கூற்றில் ‘துலீப் சிங் பறிகொடுத்தார்’ அல்லது ‘ஆங்கிலேயர் பறித்தனர்’ என்பதும் அமைதல் தகும்.

முடிவுரை

உடன்படிக்கையின் ஆங்கிலம் பொய்யுரைக்கவில்லை. வினைமுதலை இடம்மாற்றியதன் வாயிலாகப் பறித்தவரை வாசகர் பார்வையிலிருந்து அகற்றியது. அவ்வாவணத்தின் வினையைத் தம் கூற்றாக ஏற்கும் வரலாற்று நூல்கள் அம்மறைப்பைத் தொடர்கின்றன. காலனிய ஆவணங்களைத் தமிழில் எடுத்தாள்வோர், பெயர்களையும் ஆண்டுகளையும் சரிபார்ப்பது போலவே வினைமுதலையும் சரிபார்த்தல் இன்றியமையாதது.