முத்துப்பாருக்கு ஓரம் வரைவது

தூத்துக்குடிக் கடலை வரைபடமாகப் போடுகிறவருக்குத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் சிக்கலே இல்லை. ஒரு கோடு போதும். முயல் தீவுக்கும் கரை உண்டு. தொல்லாயிரம் பார் என்ற முத்துப்பாருக்கு? இந்தக் கடலின் முத்துப்பார்கள் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பாறைத் திட்டுகள். நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து மூடும், பிறகு விலக்கும். 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்காததால், வரைகிறவர் பெரும்பாலும் பழைய வரைபடங்களைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பாரைச் சுற்றிக் கெட்டியாகக் கோடு இழுத்தால் படம் பொய் சொல்லும். ஓரம் கரைய வேண்டும்; அதற்குத்தான் ஒபாசிட்டி மாஸ்க்.

இலவச மென்பொருளான இன்க்ஸ்கேப்பில் வரைந்து பார்த்தேன். பாறை, சிப்பிக் குறிகள் எல்லாவற்றையும் குரூப் செய்து, மேலே மாஸ்க் வடிவத்தை வைத்து, இரண்டையும் தேர்ந்தெடுத்து 'செட் மாஸ்க்' கொடுத்தால் முடிந்தது. வெள்ளை பட்ட இடம் தெரியும், கருப்பு பட்ட இடம் மறையும், சாம்பல் பட்ட இடம் பாதி தெரியும். ஒரே நிறத்தை மட்டும் கரைக்க கிரேடியன்டே போதும். இத்தனை பொருள்களை ஒரே வீச்சில் கரைக்க மாஸ்க்தான் வேண்டும்.

வட்ட கிரேடியன்ட் மாஸ்க் இங்கே சரிப்படாது, எந்தப் பாரும் வட்டமாக இருப்பதில்லை. பாரின் வடிவத்தையே நகலெடுத்து, வெள்ளையாக்கி, 'இன்செட்' கொடுத்துச் சற்றே சுருக்கி, பிளர் கூட்டி மாஸ்க்காக மாட்டினால் வளைவு நெளிவோடு கரைகிறது. சுருக்காமல் விட்டால் ஓரத்தில் பாதி நிறத்தில் ஒரு கோடு நின்றுவிடும். கடலாச்சே என்று மாஸ்க்குக்கு நீலம் கொடுத்துவிடாதீர்கள். மாஸ்க் பார்ப்பது வெளிச்சத்தை, எஸ்.வி.ஜி. கணக்கில் பச்சைக்குச் சுமார் 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. பார் இருந்த இடமே தெரியாது.

திருத்தும்போதுதான் இன்க்ஸ்கேப் படுத்துகிறது. 'ரிலீஸ்' செய்து, மாற்றி, மறுபடி மாட்டுவதே சுலபமான வழி. சந்தா கட்டிப் பயன்படுத்தும் இல்லஸ்ட்ரேட்டரில் டிரான்ஸ்பரன்ஸி பேனலில் மாஸ்க்கின் சின்னப் படத்தைச் சொடுக்கினால் நேராக உள்ளே போகலாம் (வெளியே வர மறந்துவிட்டு, மற்ற லேயர்களெல்லாம் எங்கே என்று விழிப்பதும் அங்கேதான்). 'இன்வர்ட் மாஸ்க்' என்று ஒரு டிக் போட்டால் தலைகீழாகிறது. நாள் முழுக்க மாஸ்க்கோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அந்தச் சந்தா தகும். ஊர் மலருக்கோ பள்ளிக் கண்காட்சிக்கோ ஒரு வரைபடம் என்றால் இன்க்ஸ்கேப் தாராளம். யூனிகோட் தமிழும் அதில் கொம்பும் காலும் சிதறாமல் வருகிறது. இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய எழுத்துக்கான கம்போஸரைத் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அச்சகத்துக்கு பி.டி.எஃப். எடுக்கும்போது பிளர் பிக்சலாக மாறிவிடும். இன்க்ஸ்கேப் அதற்கு வைத்திருக்கும் அளவு 96 டி.பி.ஐ. திரைக்கு அது போதும், தாளுக்குப் போதாது. சேமிக்கும் பெட்டியிலேயே 300 என்று மாற்றிவிடுங்கள்.