கடைசிப் பக்கத்தின் கடன்

ஓர் ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தை ஊன்றிப் படிப்பவர் மிகச் சிலரே. கருத்தும் சான்றும் முடிந்தபின் வரும் துணைநூற்பட்டியல், பந்தி முடிந்தபின் எடுக்கப்படும் இலையைப்போலவே பலராலும் கருதப்படுகிறது. ஆயினும் கட்டுரையாளரின் நேர்மை வெளிப்படும் இடம் அதுவே. அவர் எவற்றைப் படித்தார், எவற்றைப் படிக்காமலே படித்ததாகக் காட்டினார், யாரிடம் கடன்பட்டார், அக்கடனை ஒப்புக்கொண்டாரா என்பனவற்றை அப்பக்கம் சொல்லிவிடும்.

மலாக்கா மாநிலத்தின் மெர்லிமாவ் போன்ற சிற்றூர்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பணியாற்றும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இன்று ஆய்வு புதிதன்று. செயலாய்வு நிகழ்த்துவதும் அதனைக் கட்டுரையாக்கி ஆய்விதழுக்கு அனுப்புவதும் ஆசிரியப் பணியோடு இணைந்துவிட்டன. கருத்தில் குறையற்ற கட்டுரையும் பட்டியலின் பிழைக்காகத் திரும்பி வருவதுண்டு. காற்புள்ளிக்கும் அடைப்புக்குறிக்கும் இத்துணைப் பாடு எதற்கு, இது மேனாட்டார் சடங்கன்றோ என்னும் மனக்குறை அப்போது எழுகிறது. அக்குறையை எளிதாகத் தள்ளிவிடல் தகாது. அதற்குரிய விடை தமிழின் வரலாற்றிலேயே இருக்கிறது.

மேற்கோள் காட்டுதல் தமிழுக்குப் புதிய வழக்கமன்று. பேராசிரியர், நச்சினார்க்கினியர், அடியார்க்குநல்லார் முதலிய உரையாசிரியர்கள் தம் உரைகளில் மேற்கோள்களை அள்ளி வழங்கினர். ஆனால் அவை எந்நூலில் உள்ளன என்பதைப் பல இடங்களில் அவர்கள் கூறவில்லை. ‘என்றார் பிறரும்’ என்பதோடு அமைந்தனர். அக்கால மாணவர் அந்நூல்களை நெஞ்சில் ஏந்தியிருந்தமையால் பெயர் கூற வேண்டிய தேவை எழவில்லை. அந்த மாணவர் மரபு அறுந்தபோது மேற்கோள் நின்றது. அது வந்த வழி மறைந்தது.

அவ்வழியைத் தேடும் பாடு உ. வே. சாமிநாதையருக்கு வாய்த்தது. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த அவர், நச்சினார்க்கினியர் உரையிலுள்ள பெயர் குறிக்கப்படாத மேற்கோள்களால் திகைத்தார். திருவாவடுதுறை மடத்தின் ஏடுகளைப் புரட்டியபோதுதான் பழந்தமிழ்ப் பாட்டுகளும் தொகைகளும் கண்ணிற்பட்டன; மேற்கோள்களின் பிறப்பிடமும் புலனாயிற்று. சிந்தாமணி 1887ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டும் 1894இல் புறநானூறும் தொடர்ந்தன. ஒரு மேற்கோளின் வேரைத் தேடிச் சென்ற உழைப்பே சங்க நூல்களின் வாயிலைத் திறந்தது எனலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பாடல்களுக்கு நூற்பெயர் குறித்துச் சென்ற தொகுப்பு புறத்திரட்டு. முத்தொள்ளாயிரம் முழுநூலாகக் கிடைக்கவில்லை. எனினும் நூற்றுக்கு மேற்பட்ட அதன் பாடல்கள் அத்தொகுப்பின் வழியே இன்று படிக்கப்படுகின்றன. தொகுத்தவரின் பெயர் தெரியவில்லை. அவர் இட்ட சிறு குறிப்போ ஒரு நூலின் பெயரை அழியாமற் காத்தது. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்னும் ஆய்வும் இத்தகைய குறிப்புகளையே பற்றுக்கோடாகக் கொண்டு எழுந்ததாகும். குறிப்பு இருந்த இடத்தில் நூலின் பெயரேனும் வாழ்ந்தது; இல்லாத இடத்தில் அதுவும் போயிற்று.

மலேசியத் தமிழுக்கும் இத்துறையில் பெருமைக்குரிய முன்னோர் உளர். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயகம் அடிகள், தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டிப் பட்டியல் ஒன்றை 1966இல் வெளியிட்டார். முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நிகழ்ந்த ஆண்டும் அதுவே. மாநாட்டு மேடையின் முழக்கத்தோடு பட்டியலின் அமைதியான உழைப்பும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1969இல் இராம சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் ‘தமிழ் மலேசியானா’ என்னும் பெயரில் பட்டியலிட்டார். இந்நாட்டு இலக்கியத்தை ஆராய்வோருக்கு அது நிலைத்த துணையாகும்.

இத்தகைய முன்னோடிகள் இருந்தும் இன்றைய கட்டுரைகளின் பட்டியல்கள் நிறைவளிக்கவில்லை. முதற்குறை, பிறர் நூலின் அடிக்குறிப்பை எடுத்து, மூலத்தையே கண்டதுபோல் எழுதுதல். எடுத்தவர் செய்த பிழையும் அதனுடன் சேர்ந்தே பயணம் செய்கிறது. இரண்டாவது, கட்டுரையில் ஓரிடத்திலும் பயன்படாத நூல்களால் பட்டியலை நீட்டுதல். மூன்றாவது, பதிப்பாண்டை நூலின் ஆண்டாகக் காட்டுதல். தொல்காப்பியர் என எழுதி அருகே 2003 என இட்டால் மாணவன் என்ன எண்ணுவான்? மூலநூலின் காலத்தையும் கைக்கொண்ட பதிப்பின் காலத்தையும் வேறுபடுத்திக் காட்ட வழியிருந்தும் பலர் அதனைக் கைக்கொள்வதில்லை. பழம்பாடல்களுக்குப் பக்க எண் மட்டும் தருவதும் பயனற்றது. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். பாட்டெண்ணும் அடியெண்ணும் பெரிதும் துணைநிற்கும்.

நாளிதழ்ச் சான்றில் இக்குறை மேலும் பெரிதாகிறது. 1924இல் தோன்றிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. அவ்விதழில் வந்த ஒரு சிறுகதையை நாளும் பக்கமும் கூறாமல் சுட்டுபவர், அடுத்த ஆய்வாளரைப் பல்லாண்டு இதழ்க் குவியலுள் தள்ளிவிடுகிறார். தோட்ட மக்களின் வாழ்வைத் தோட்ட மக்களே எழுதிய கதைகள் பல அக்குவியலுள்தான் கிடக்கின்றன.

மேனாட்டு முறைகளும் குறையற்றவை அல்ல. அமெரிக்க உளவியல் கழகத்தின் முறை 1929இல் சில பக்கக் கட்டுரையாகத் தொடங்கிப் பெருநூலாக வளர்ந்தது. 2019இல் வந்த அதன் ஏழாம் பதிப்பு, நூல் வெளியான ஊரைக் குறிக்க வேண்டியதில்லை என்கிறது. பெரும் பதிப்பகங்களின் நூல்களுக்கு அது பொருந்தலாம். ஆசிரியரே சிற்றூரிலிருந்து தம் கைப்பொருளில் அச்சிட்ட மலேசியத் தமிழ் நூலுக்கு ஊர்ப்பெயர் வெறும் முகவரியன்று. அந்நூலின் வரலாற்றுச் சான்று. மலேசியத் தமிழ் ஆய்விதழ்கள் ஊர்ப்பெயரை விடாது கேட்டல் வேண்டும்.

பெயர் முறையிலும் இத்தகைய விழிப்பு வேண்டும். தமிழர்க்குக் குடும்பப்பெயர் பெரும்பாலும் இல்லை. அடையாள அட்டையில் மகன் பெயரும், ‘அனாக் லெலாக்கி’ என்னும் சொற்களின் சுருக்கமும், தந்தை பெயரும் முறையே நிற்கின்றன. இறுதியில் உள்ளதே குடும்பப்பெயர் எனக் கொள்ளும் அயல்நாட்டு இதழ், மகன் எழுதிய கட்டுரையைத் தந்தை பெயரில் பதிவு செய்துவிடும். பால்மரம் சீவி மகனைப் படிக்கவைத்த தந்தைக்கு அது பெருமை போலத் தோன்றலாம்; எழுதியவனைத் தேடி வருபவர்க்கோ அவன் கிடைக்கமாட்டான். தனிநாயகம் என்னும் பெயரே உரோமன் எழுத்தில் ஒரு சொல்லாகவும் இரு சொல்லாகவும் எழுதப்படுகிறது. பட்டியல் தந்த பெரியாரையே பட்டியல்களில் ஈரிடத்தில் தேட வேண்டிய நிலை இது. இயற்பெயரை முதலில் வைத்து, தலைப்பெழுத்தை அதன்பின் இட்டு, இயற்பெயரின் அகரவரிசையில் நிரல்படுத்துதலே தமிழ்ப் பெயர்களுக்கு ஏற்ற முறை. ஒருவர் பெயரைக் கட்டுரை முழுதும் ஒரே வகையாக எழுதுதலும் இன்றியமையாதது.

முறை எதுவாயினும் அதன் உயிர் ஒன்றே: பின்வருபவர் முன்சென்றவரின் அடிச்சுவட்டில் நடந்து மூலத்தை அடைதல் வேண்டும். உரையாசிரியர்களுக்கு நெஞ்சில் நூல்களை ஏந்திய மாணவர் இருந்தனர். இன்றைய கட்டுரையாளருக்கு அத்தகைய மாணவர் இல்லை. கடைசிப் பக்கம் ஒன்றே உண்டு. மெர்லிமாவிலிருந்து கட்டுரை அனுப்பும் ஆசிரியர் அப்பக்கத்தைச் செம்மையாக எழுதினால், அவர் சுட்டிய சிறு நூலும் பழைய நாளிதழ்க் கதையும் அவருக்குப் பின்னும் தேடுவார்க்குக் கிடைக்கும். தலைமுறைகளுக்கு இடையே செலுத்தப்படும் அக்கடனைச் சடங்கு என்பது பொருந்தாது.